ஐந்து மில்லிவாட்

போன வருடம் நவம்பரில் எங்கள் தபால் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. கையால் எழுதியது, ஒவ்வொரு எழுத்தும் நிதானமாக. கீழ் வீட்டு அம்மா எழுதியிருந்தார். எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். ஜெர்மனியில் இப்படிச் சீட்டு வருவது புதிதில்லை. சைக்கிளை இடம் மாற்றி நிறுத்தினால் வரும், ஞாயிற்றுக்கிழமை காலிப் பாட்டில்களைக் கண்ணாடித் தொட்டியில் போட்டால் வரும். இதில் புகார் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிறு மதியம் நான் கிதார் வாசிப்பது கேட்கிறது என்று ஒரு வரி. அடுத்த வரிதான் என்னைப் படுத்தியது. நான் நிறுத்திய பிறகும் அவரால் கண்ணயர முடிவதில்லையாம். மறுபடி எப்போது ஆரம்பிப்பேன் என்று காத்துக்கொண்டே இருக்கிறாராம்.

நான் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். வாரத்துக்கு 40 நிமிடம், அதுவும் பகலில் மட்டும். அவருடைய கணக்கில் அது முழு ஞாயிற்றுக்கிழமை.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் முதலில் யோசித்தது என்ன தெரியுமா? ‘இதை மெதுவாக வாசிக்க முடியாதே, இவருக்கு எப்படிப் புரியவைப்பது?’ வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. அந்த வாக்கியத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சாக்கு என்று பிரித்துப் பார்க்க எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

உண்மையான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது 20 வாட் வால்வு ஆம்ப். வால்வு ரேடியோவைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. போட்டவுடன் பாடாது, உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கனிந்த பிறகுதான் வாயைத் திறக்கும். அதே இனம். ஆம்ப்பின் வேலை வந்த சமிக்ஞையை மாற்றாமல் பெருக்கிக் கொடுப்பது என்று கல்லூரியில் படித்தோம். ராக் கிதாரின் ஒலி அந்தப் பாடத்தை மீறியதில் பிறந்தது. வால்வால் கொடுக்க முடிந்ததைவிட அதிகமாக அதனிடம் கேட்டால், அலையின் உச்சி நசுங்கும். டிரான்சிஸ்டர் போலக் கத்தியால் வெட்டியமாதிரி இல்லாமல், தேய்ந்த படிக்கல் போல விளிம்பு மழுங்கி நசுங்கும். அந்த நசுங்கலில் மூல ஒலியில் இல்லாத மேல் சுரங்கள் உண்டாகின்றன. மின்சாரம் தரும் பகுதி ஒரு கணம் மூச்சு வாங்குகிறது, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் திணறுகிறது, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் தன் பங்குக்கு நெளிகிறது. விரலை அழுத்தினால் உறுமும், லேசாகத் தொட்டால் கிட்டத்தட்டத் தெளிவாகிவிடும். இந்தக் குணம் முழுக்க வர வேண்டுமானால் கடைசியில் இருக்கும் பவர் வால்வுகள் தங்கள் எல்லையில் உழைக்க வேண்டும். எல்லையில் உழைத்தால் 20 வாட்டும் ஸ்பீக்கருக்குப் போகும்.

20 வாட் என்றால் எல்இடி பல்பைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று தோன்றும். ஆனால் கிதார் ஸ்பீக்கர் பொல்லாதது. ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 98 டெசிபல் அளவுக்குக் கத்தும். 20 வாட்டில் 111. ஆம்ப்பின் குமிழைக் குறைக்கலாமே என்றால், குறைத்தால் வால்வு உழைக்காது, சுத்தமான, ஆனால் சோகையான ஒரு ஒலி வரும். ஆகவே அந்த ஒலியும் அந்தச் சத்தமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நான் பிணைக்கவில்லை, இயற்பியல் பிணைத்திருக்கிறது. என் சாக்கு இதுதான்.

இந்தச் சாக்கு எனக்கு முன்பே நல்ல வம்சத்தோடு இருந்திருக்கிறது. 1966-ல் எரிக் கிளாப்டனுக்கு 21 வயது. ஜான் மேயலின் குழுவோடு லண்டன் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த டெக்கா ஸ்டூடியோவுக்கு ஒலிப்பதிவுக்குப் போகிறார். அப்போதைய வழக்கப்படி ஆம்ப்பின் சத்தத்தைக் குறைத்து, மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பதிவுசெய்வார்கள். இவர் குறைக்க மாட்டேன் என்று நின்றார், மைக்தான் தள்ளிப்போனது. ஒலிப்பதிவுப் பொறியாளர் கஸ் டட்ஜனின் நிலைமையை யோசித்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் அந்த இசைத்தட்டில் இருக்கும் கிதார் ஒலியை அடுத்த அறுபது வருடமாக மற்றவர்கள் துரத்திக்கொண்டிருக்கிறார்கள், நானும்தான். அங்கே பிடிவாதம் நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறேன். அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த ஒலிக்காகவே வந்தவர்கள்.

அதே காலத்தில் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட், ஜிம் மார்ஷலிடம் போய் இன்னும் பெரிதாக வேண்டும் என்று கேட்டார். 100 வாட் மார்ஷல் பிறந்த கதையில் அவருக்கு முக்கியமான பங்குண்டு. பின்னாளில் அதைப் பற்றிப் பேசும்போது, இன்னும் வலுவான இயந்திரத் துப்பாக்கி கேட்டதுபோல என்று அவரே ஒப்பிட்டிருக்கிறார். கவனியுங்கள், அதில் ஒலியின் நிறம் பற்றிய பேச்சே இல்லை. 1976-ல் லண்டன் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் அவர்கள் வாசித்தபோது மேடையிலிருந்து 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் என்று அளந்து, உலகின் மிகச் சத்தமான கச்சேரி என்று கின்னஸ் புத்தகத்தில் போட்டார்கள். டவுன்ஷெண்டுக்குக் காது கெட்டது, ஓயாத இரைச்சல் உள்ளேயே தங்கிவிட்டது. கேட்கும் திறனைக் காப்பது பற்றி இசைக்கலைஞர்களுக்குச் சொல்லும் வேலைக்கு அவரே பின்னர் துணை நின்றார்.

நிறத்துக்காகச் சத்தம், ஆளுவதற்காகச் சத்தம். இரண்டும் ஒரே குமிழில் இருந்ததுதான் சிக்கல். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மட்டுமில்லை, வாசிப்பவனுக்கே எது எது என்று தெரியாது.

இந்த விஷயத்தில் தத்துவவாதிகளில் யாருடைய கட்சி பலமானது என்று தேடினால் இம்மானுவேல் காண்ட்தான் வருகிறார். 1784-ல் கோனிக்ஸ்பெர்க்கில் அவர் வீட்டுக்கு அருகே சிறை. கைதிகள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உரக்கத் துதிப்பாடல் பாடுவார்கள். காண்ட், நகர மேயராக இருந்த நண்பர் ஹிப்பலுக்குக் கடிதம் எழுதினார். ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடினாலும் அவர்களுடைய ஆன்மாவுக்குக் குறையொன்றும் வந்துவிடாது என்கிற தொனியில். ஆறு வருடம் கழித்து, அழகைப் பற்றிய தன் பெரிய நூலில், இசைக்கு நகர நாகரிகம் போதாது என்று எழுதுகிறார். பிடிக்காத ஓவியத்திலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். இசை அப்படி விடாது, அழைக்காத வீட்டுக்குள்ளும் வரும். வாசனை பூசிய கைக்குட்டையை ஒருவன் பையிலிருந்து எடுத்தால் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் அதை முகர்ந்தே ஆக வேண்டும் என்பதுபோல.

தன் எரிச்சலுக்குத் தத்துவ உடை போட்டுவிட்டார் என்று சிரிக்கலாம். நானும் முதலில் சிரித்தேன். ஆனால் கீழ் வீட்டு அம்மாவின் சீட்டு காண்டைவிடவும் ஒரு படி மேலே போகிறது என்று பிறகு தோன்றியது. வாசனைக்கு வந்துபோகும் கணக்குதான் உண்டு. அவரோ, ஒலி இல்லாத நேரத்தையும் நான் எடுத்துக்கொண்டுவிட்டேன் என்கிறார். என் மௌனத்தின் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது, அதுதான் அவருடைய தொந்தரவு.

எதிர்க்கட்சியும் சாதாரணமானதில்லை. ஆக்ஸ்பர்க்கில் ஒரு தொழில்முறை டிரம்பெட் கலைஞர் வீட்டில் பயிற்சி செய்கிறார், ஒட்டிய வீட்டுக்காரர்கள் வழக்குப் போடுகிறார்கள். வழக்கு ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம்வரை போய் 2018 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. வீட்டில் இசை வாசிப்பது மனிதர்களின் இயல்பான வாழ்க்கையில் சேர்ந்தது, முழு நிசப்தத்தை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது என்றது நீதிமன்றம். உத்தேசமாக வார நாளில் இரண்டு மூன்று மணி நேரம், ஞாயிறு, விடுமுறை நாளில் ஒன்றிரண்டு மணி நேரம், ஓய்வு நேரங்களை விட்டுவிட்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி, தொழில்முறைக் கலைஞருக்கு அமெச்சூரைவிடக் கூடுதல் உரிமையும் கிடையாது, குறைவும் கிடையாது என்றதுதான். என்னைப் போல மூன்றே பாட்டைப் பதினைந்து வருடமாக வாசித்துக்கொண்டிருப்பவனுக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன?

இந்தத் தீர்ப்பை வைத்து நான் ஒரு நாள் முழுக்க மனதுக்குள் வாதாடினேன். எனக்கு வாரம் 40 நிமிடம்தானே? ஆனால் வாதம் ஓரிடத்தில் வழுக்குகிறது. டிரம்பெட்டுக்கு உடம்பே அப்படி, பித்தளையும் மூச்சும். எலெக்ட்ரிக் கிதார் ஆம்ப் இல்லாமல் கொசு மாதிரி முனகும் கருவி. அதன் ஒவ்வொரு டெசிபலும் யாரோ முடிவெடுத்துச் சேர்த்தது. என் விஷயத்தில் அந்த யாரோ நான்தான்.

இந்த இடத்தில்தான் அட்டென்யூவேட்டர் வருகிறது. ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காரும் கனமான பெட்டி. ஆம்ப் தன் எல்லையில் உழைக்கட்டும், வால்வுகள் கனியட்டும், அலை நசுங்கட்டும். எல்லாம் முடிந்து வெளியே வரும் ஆற்றலில் பெரும்பகுதியை இந்தப் பெட்டி வாங்கிச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடும். மிச்சம் ஸ்பீக்கருக்கு. ஸ்பீக்கரையே கழற்றிவிட்டால் என்ன என்று கேட்கக்கூடாது. போய்ச்சேர இடமில்லாத ஆற்றல் திரும்பி வந்து வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரைக் காவு வாங்கிவிடும். சாதாரண மின்தடையை வைத்தும் இதைச் செய்யலாம், ஆனால் ஸ்பீக்கர் வெறும் 8 ஓம் தடை இல்லை. கீழ்ச்சுரத்தில் ஓரிடத்திலும் மேலே போகப்போகவும் அதன் எதிர்ப்பு ஏறும். ஆம்ப் அதை உணர்ந்து பதில் சொல்லும். நல்ல அட்டென்யூவேட்டருக்குள் சுருள்களும் கெப்பாசிட்டர்களும் சேர்ந்து, ‘நான் ஸ்பீக்கர்தான்’ என்று ஆம்ப்பிடம் நடிக்கின்றன.

இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் டாம் ஷோல்ஸ் என்பது எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம். எம்ஐடியில் இயந்திரவியல் படித்தவர், போலராய்ட் நிறுவனத்தில் பொறியாளர். வேலை முடிந்து வந்து வீட்டு நிலவறையில் பதிவுசெய்தவைதான் 1976-ல் வந்த பாஸ்டன் குழுவின் முதல் இசைத்தட்டில் பெரும்பகுதி. 1980-ல் அவர் ஆரம்பித்த கம்பெனியின் முதல் பொருள் பவர் சோக் என்ற அட்டென்யூவேட்டர். பகலில் அலுவலகம், இரவில் நிலவறை என்று இருப்பவனுக்குத்தான் இந்தத் தேவை புரியும். மைதானத்தில் வாசிப்பவனுக்கு என்ன கவலை?

நானும் ஒன்று வாங்கினேன். 75 டெசிபலுக்குக் கொண்டுவந்தேன், டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைத்ததுபோல. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஸ்பீக்கருக்குப் போவது ஏறத்தாழ 5 மில்லிவாட். மீதி 19.995 வாட் அந்தப் பெட்டியில் வெந்நீர் வைக்காமல் வீணாகிறது. அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் இதமான சூடு.

கீழ் வீட்டுப் பிரச்சினை தீர்ந்தது. எனக்குத்தான் திருப்தியில்லை.

சென்னையில் இருக்கும் நண்பனிடம் போனில் புலம்பினேன். கல்லூரியில் ஒன்றாக மேடையேறியவன். “புலியக் கூண்டுல போட்டுட்டு உறுமல் சரியில்லன்னா எப்படிடா?” என்றான். அது நன்றாகத்தான் இருந்தது, இரண்டு நாளைக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் மனைவி கேட்டாள். “உனக்குக் கேக்கறது போதலையா, இல்ல அவங்களுக்குக் கேக்கலங்கறது போதலையா?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. பொறியாளன் புத்தி, சோதனை வைக்கப் போனேன். சீட்டு வருவதற்கு முன் பதிவுசெய்து வைத்திருந்த சில துண்டுகள் இருந்தன. அதே துண்டுகளை அட்டென்யூவேட்டரோடு மறுபடி வாசித்துப் பதிவுசெய்து, சத்த அளவைச் சமமாக்கி, கலைத்துப்போட்டு ஹெட்ஃபோனில் கேட்டேன். 10-ல் 6 முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வந்திருக்கும். ஆக, ஒலியின் நிறம் தொலையவில்லை. தொலையாத ஒன்று போதவில்லை என்றால் நான் எதைத் தேடுகிறேன்?

குற்றவாளி அகப்பட்டான் என்று இங்கேயே கேஸை முடித்துவிடலாம். ஆனால் சோதனையில் ஓட்டை இருக்கிறது. 1933-ல் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் காட்டியது: சத்தம் குறையும்போது நம் காது எல்லாச் சுரத்தையும் ஒரே அளவில் குறைத்துக் கேட்பதில்லை. கீழ்ச்சுரங்கள் முதலில் காணாமல்போகும். அதனால் 75 டெசிபலில் என் கிதார் மெலிந்து ஒலிப்பது அகங்காரத்தின் வேலையில்லை, காதின் அமைப்பு. இன்னொன்றும் உண்டு. உரத்த ஒலி காற்று வழியாகத் திரும்பி வந்து கிதார் தந்தியையே அசைக்கும். சுரம் சாகாமல் நிற்கும், கையில் உயிருள்ள ஏதோ இருப்பதுபோல. 5 மில்லிவாட்டில் அது கிடையாது. எந்தப் பெட்டியாலும் அதைத் தர முடியாது.

இவை நியாயமான இழப்புகள். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஏதோ ஒன்று மிச்சம் நின்றது. அதற்கு முகம் கொடுத்தது ஒரு பழைய ஞாபகம். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், கல்லூரிக் கலைவிழா, வாடகைக்கு எடுத்த ஆம்ப். ஒலி சோதிக்கும்போது நான் ஒரே ஒரு கார்டை அடித்தேன். மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை என் வாழ்க்கையில் நான் பேசி யாரும் அப்படித் திரும்பியதில்லை. வகுப்பில் கையைத் தூக்கினாலும் பக்கத்து பெஞ்சுக்காரனுக்குச் சொல்லி அவன் எழுந்து கேட்கும் ரகம் நான். அந்த மண்டபம் திரும்பியது இசைக்காக இல்லை. ஆனால் எனக்குள் இரண்டும் அன்றே ஒட்டிக்கொண்டுவிட்டன என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் மனைவியின் கேள்விக்குப் பதில், ஆமாம், கொஞ்சம். அவளிடம் சொன்னேன். “கொஞ்சம்தானா?” என்றாள்.

அட்டென்யூவேட்டர் செய்த வேலை இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஒட்டியிருந்த இரண்டைப் பிரித்துவைத்தது. பிரிக்க முடியும் என்று ஆனவுடன், பிரிக்காமல் இருப்பது என் முடிவாகிவிடுகிறது. என் தொழிலில் இது தினமும் நடப்பது. ‘டெக்னிக்கலா முடியாது சார்’ என்பதுபோல மனசாட்சிக்கு இதமான வாக்கியம் வேறில்லை. யாரோ ஒருவன் ஒரு நாள் அதைச் செய்யும் வசதியைச் சேர்த்துவிடுவான். அன்றிலிருந்து அது முடியாத விஷயம் இல்லை, நாம் செய்யாத விஷயம். கருவிகள் நமக்குச் சக்தி தருவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவை நம் சாக்குகளைப் பிடுங்குவதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

1975-லிருந்து மார்ஷல் ஆம்ப்புகளில் மாஸ்டர் வால்யூம் என்று ஒரு குமிழ் வந்தது. அது முன்பகுதியை மட்டும் உறுமவிட்டு, பவர் வால்வுகளுக்குப் போகும் முன்பே குரலை நெரிக்கும். நல்ல வசதி. ஆனால் அங்கே பவர் வால்வுகள் உழைப்பதே இல்லை. அட்டென்யூவேட்டரில் அவை முழுமூச்சாக உழைக்கின்றன, தேய்கின்றன, விலை கொடுத்து மாற்ற வேண்டியிருக்கிறது. வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தில், பலிக்கும் இடத்தில் கோபத்தைத் தடுப்பதுதான் தடுப்பது, பலிக்காத இடத்தில் தடுத்தால் என்ன, விட்டால் என்ன என்று கேட்பார். எனக்கு அது இப்போது வேறுமாதிரிப் படுகிறது. ஹெட்ஃபோனில் வாசிக்கும்போது நான் அடக்கமானவன் இல்லை. என்னிடம் சத்தமே இல்லை, அவ்வளவுதான். 20 வாட்டை எழுப்பிவிட்டு அதைச் சூடாக ஆற்றுவதில் ஏதோ செலவு இருக்கிறது. அந்தச் செலவு பிடித்திருக்கிறது. இதையும் பெருமையாக மாற்றிக்கொள்கிறேனோ என்ற சந்தேகமும் இருக்கிறது.

பிப்ரவரியில் கீழ் வீட்டு அம்மாவைப் படிக்கட்டில் பார்த்தேன். காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு கூடவே இறங்கினேன். இப்போது கேட்கிறதா என்று கேட்டேன்.

“ஒன்றுமே கேட்பதில்லை. நிறுத்திவிட்டீர்களா?”

“இல்லை. தினமும் வாசிக்கிறேன்.”

கொஞ்சம் நேரம் பேசாமல் நின்றார். பிறகு, ஞாயிறு மதியம் மூன்று மணி ஆனால் இன்னமும் தன் காது மேலே போய்விடுகிறது என்றார். குற்றம் சொல்லும் குரலில் இல்லை, முழங்கால் வலியைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. 36 டெசிபல் குறைத்தும் அதை மட்டும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அவரே சொன்னார், அப்போதே கேட்டிருக்க வேண்டும், தனக்கு வேண்டியிருந்தது நேரம் மட்டும்தான் என்று. எப்போது ஆரம்பிக்கும், எப்போது முடியும் என்று தெரிந்தால் போதுமாம். அவர் கணவர் அக்கார்டியன் வாசித்தவராம், சுமாராகத்தான்.

இப்போது சனிக்கிழமை காலை 11 முதல் 11.30 வரை பெட்டியின் குமிழை இரண்டு படி கூட்டிவைக்கிறேன். கீழே கேட்கும். தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவர் அதை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். 11.30-க்கு நடுப் பாட்டில் இருந்தாலும் நிறுத்திவிடுகிறேன்.

போன வாரம் தங்கை வீட்டுக்குப் போகிறேன், திங்கள்தான் வருவேன் என்று அவரே வந்து சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை 11 மணிக்கு முதல் தடவையாகப் பெட்டியைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரை நேராக ஆம்ப்பில் மாட்டினேன். ஒரே ஒரு கார்டு. ஷெல்ஃபில் இருந்த கண்ணாடிக் கிண்ணங்கள் சிணுங்கின, தந்தி கையில் நடுங்கிக்கொண்டே நின்றது. மூன்றாம் மாடியில் ஒரு நாய் குரைத்தது. அங்கே நாய் இருக்கிறதென்றே எனக்கு அன்றுதான் தெரியும்.